ஞாயிறு காலை மில் கேட்டைத் திறந்து விடுங்கள்

கோவை மில் குடும்பங்களின் இளைய தலைமுறைக்கு,

அவினாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் உங்கள் பாட்டன்மார் கட்டிய மில்கள் இன்று உங்கள் கையில் இருக்கின்றன. சில ஓடுகின்றன. சில நின்றுவிட்டன. சில மனைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவிட்டன. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பது உங்கள் குடும்பத்து விஷயம், அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் நிற்கிற வரைக்கும் அந்தக் கட்டடங்களை ஊர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் மூன்று மணி நேரம், மில் கேட்டைத் திறந்து எங்களை உள்ளே நடக்க விடுங்கள். இந்த மடல் முழுக்க அதற்காகத்தான்.

இதைக் கேட்கிற துணிச்சலை எனக்குக் கொடுத்தது அகமதாபாத். அந்த ஊரும் நம் ஊரும் பஞ்சிலும் நூலிலும் வளர்ந்தவை. அதை இந்தியாவின் மான்செஸ்டர் என்றார்கள், நம்மைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றார்கள். அங்கே மில் அதிபர்கள் சங்கம் 1891இல் தொடங்கியது, இங்கே சைமா 1933இல். ஜவுளி ஆராய்ச்சிக்கு அவர்கள் 1947இல் அட்டிரா கண்டார்கள், நாம் 1956இல் சிட்ரா கண்டோம். உங்கள் பாட்டனாரும் அவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பருத்தி விலையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் வேறு வழியில் போனார்கள். 1951இல் சண்டிகர் நகரத்தை வடிவமைக்க இந்தியா வந்திருந்த லெ கொர்பூசியேவை அகமதாபாத்துக்கு அழைத்தார்கள். அப்போது மில் அதிபர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர் சுரோத்தம் ஹதீசிங். சங்கத்துக்கு ஒரு கட்டடம், தனக்கு ஒரு வீடு என்று இரண்டு வேலைகளைக் கொடுத்தார். மனோரமா சாராபாய் தன் வீட்டுக்குக் கேட்டார். மாநகராட்சி ஓர் அருங்காட்சியகம் கேட்டது. உலகமே அண்ணாந்து பார்த்த ஒரு கட்டடக் கலைஞரின் நான்கு கட்டடங்கள், சில ஆண்டுகளுக்குள், ஒரு பஞ்சாலை ஊரில் எழுந்துவிட்டன.

அகமதாபாத்தின் பழைய நகரத்தில் 1997 நவம்பரிலிருந்து மரபு நடை நடக்கிறது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி, போள் எனப்படும் குறுகலான குடியிருப்புச் சந்துகளின் வழியே ஜும்மா மசூதியில் முடியும். இருபது ஆண்டுகள் இப்படி நடந்து நடந்துதான் அந்த ஊர் தன்னைத்தானே பார்க்கக் கற்றுக்கொண்டது என்பேன். 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபு நகரம் என்ற பெயர் வந்தது, இந்தியாவில் முதல் ஊராக. ஆற்றைத் தாண்டி மேற்குக் கரைக்கு வந்தால் இன்னொரு நடை உண்டு. அது லெ கொர்பூசியேவின் கட்டடங்களையும், அவரிடம் வேலை கற்ற பாலகிருஷ்ண தோஷியின் கட்டடங்களையும் தேடிப் போகிற நடை. கட்டடக்கலை படித்தவர்கள் முன்னால் போக, சின்னக் குழுக்களாகப் போவார்கள். பாலடி பகுதியில் சன்ஸ்கார் கேந்திரா அருங்காட்சியகம், அதன் பக்கத்திலேயே தோஷியின் தாகூர் அரங்கம், அருகே தேசிய வடிவமைப்பு நிறுவனம். மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

அந்த நடையில் என்னை நிறுத்தி வைத்தது ஆசிரம சாலையில் உள்ள மில் அதிபர்கள் சங்கக் கட்டடம். 1954இல் கட்டி முடிந்தது. சாலையிலிருந்து ஒரு நீண்ட சாய்தளம் நேராக முதல் மாடிக்கு ஏறுகிறது. ஏறும்போது எதிரே வரிசையாகச் சாய்த்து நிறுத்தப்பட்ட கான்கிரீட் தகடுகள். அது மேற்குப் பக்கம். பிற்பகல் வெயில் நேரே அடிக்கும், அதனால் வெயில் உள்ளே விழாத கோணத்தில் தகடுகளைத் திருப்பியிருக்கிறார். உள்ளே போய் மறுபுறம் எட்டிப் பார்த்தால் சபர்மதி. அந்தக் கிழக்குப் பக்கத்தில் தகடுகள் சாயாமல் நேராக நிற்கின்றன, ஆற்றின் பார்வையும் காற்றும் தடைபடக் கூடாது என்று. வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய மூடிய செங்கல் சுவர்கள். மாடி ஏறி வந்தவன் கதவைத் தேடினால், தட்டுவதற்குக் கதவே இல்லை. திறந்த கூடம், அதில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும் காற்று. கான்கிரீட்டில் கை வைத்தால் சென்ட்ரிங் பலகையின் ரேகைகள் தட்டுப்படும். ஒவ்வொரு பலகையின் அகலமும் விரலுக்குத் தெரியும். பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே நின்றால் சாயத் தொழிலாளர்கள் ஆற்றில் துணி அலசி மணலில் விரித்துக் காயப்போடுவது தெரியும். லெ கொர்பூசியே அந்தக் காட்சியை ரசித்து எழுதியிருக்கிறார். மில் அதிபர்கள் கூடிப் பேசுகிற இடம், அவர்கள் விற்கிற துணி அலசப்படுகிற ஆற்றைப் பார்த்து நிற்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார் மனிதர். இன்று மணல் இல்லை, சாயக்காரர்கள் இல்லை, கரை நெடுக கான்கிரீட் நடைபாதை. ஆனாலும் கட்டடம் ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைக் கூட வந்த வழிகாட்டி சொன்னபோது, இல்லாத ஆறு கண் முன்னால் வந்தது. நடையின் பலன் அதுதான். புத்தகத்தில் இருக்கிற படத்தில் வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாது, காற்று எந்தப் பக்கம் என்று தெரியாது.

லெ கொர்பூசியேவின் ஆளாக அகமதாபாத் வந்து வேலையைப் பார்த்துக்கொண்ட தோஷி, அங்கேயே தங்கிவிட்டார். 1962இல் ஒரு கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கி, அதற்கான கட்டடத்தையும் தானே வடிவமைத்தார். செங்கல் சுவர், கான்கிரீட் உத்தரம், மாணவர்கள் படம் வரைகிற கூடங்களுக்கு வடக்கிலிருந்து இறங்கும் வெளிச்சம். 2018இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது, இந்தியாவிலிருந்து முதல் ஆளாக. 2023 ஜனவரியில் மறைந்தார்.

வடக்கு வெளிச்சம் என்றதும் உங்களுக்கு உடனே ஞாபகம் வந்திருக்கும். நார்த் லைட் ஷெட் என்று நம் மில்களில் சொல்வோமே, அதேதான். ஒரு பக்கம் சரிந்தும் மறுபக்கம் செங்குத்தாகவும் மடிந்து மடிந்து போகும் கூரை. செங்குத்துப் பக்கத்தில் கண்ணாடி, அது வடக்கே பார்த்திருக்கும். நேர் வெயில் பெரும்பாலும் உள்ளே வராது, நிழல் விழாத வெளிச்சம் மட்டும் ஷெட் முழுக்கச் சமமாக இறங்கும். ஸ்பின்னிங்கில் நிற்பவருக்கு அறுந்த நூல் எந்த மூலையிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் செய்த ஏற்பாடு. நான் உள்ளே போய்ப் பார்த்த ஒரு பழைய ஷெட்டில் கூரையைத் தாங்கிய வார்ப்பிரும்புத் தூண்கள் உள்ளே குழாயாக இருந்தன. இரண்டு கூரைகளுக்கு நடுவில் சேர்கிற மழைத்தண்ணீர் அந்தத் தூணுக்குள்ளேயே இறங்கித் தரைக்கடியில் உள்ள வாய்க்காலுக்குப் போய்விடும். ஒரே பொருளை இரண்டு வேலைக்கு வைத்த அந்தச் சிக்கனம், ஆசிரம சாலையில் நான் பார்த்த அறிவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

வெயிலையும் காற்றையும் கணக்குப் போட்டு, அலங்காரத்தை உதறி, வேலைக்கு எது வேண்டுமோ அதையே அழகாகக் கட்டுவதைத்தான் நவீனக் கட்டடக்கலை என்று உலகம் கொண்டாடுகிறது. நம் ஊரில் அதைச் செய்தவர்கள் மில் இன்ஜினீயர்கள், டிராப்ட்ஸ்மேன்கள், கொத்தனார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த ஊருக்கு என்ன செய்யும், நூல் அறாமல் இருக்க எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லிலிருந்து, 1910இல் குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸ் வழியாக, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மளமளவென்று முளைத்தவை வரை, ஒவ்வொன்றிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததும் அதே முப்பதுகளில்தான். அதற்குப் பிறகு ரேஸ்கோர்ஸிலும் ஆர்.எஸ்.புரத்திலும் எழுந்த வீடுகளைப் பாருங்கள். வளைந்த மூலைகள், சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் சன்ஷேடுகள், வட்ட ஜன்னல்கள். மில் சம்பாதித்துக் கொடுத்த பணம் வீடாக மாறியபோது அது எந்த முகத்தோடு நிற்க விரும்பியது என்பது அந்தத் தெருக்களில் இருக்கிறது.

நம் ஊரிலும் மரபு நடைகள் நடக்கின்றன. நடத்துகிறவர்கள் ஆர்வத்தோடு நடத்துகிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நம் கால்கள் பெரும்பாலும் டவுன்ஹாலையும் கோனியம்மன் கோயிலையும் பெரிய கடை வீதியையும் சுற்றியே நிற்கின்றன. வெரைட்டி ஹால் ரோட்டுக்குப் போனால் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய தியேட்டரைப் பற்றிச் சொல்வார்கள். தியேட்டர் இல்லை, இடித்தாகிவிட்டது, ரோட்டுக்குத்தான் பெயர் மிச்சம். இந்த ஊரை ஊராக்கிய மில்களின் பக்கம் நடை திரும்புவதில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: கேட் மூடியிருக்கும், செக்யூரிட்டி விடமாட்டார்.

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. நல்லதுதான், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் லட்சுமி மில்ஸ், பீளமேடு என்று ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று வந்த ஊர் இப்போது பத்து நிமிடத்தில் கீழே கடந்துவிடுகிறது. இனி அந்த ரோட்டை அறிய வேண்டுமானால் வேண்டுமென்றே இறங்கி நடந்தால்தான் உண்டு.

இதென்னங்க, பழைய ஷெட்டைப் போய்ப் பார்க்க யார் வருவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அகமதாபாத்திலும் நாற்பது வருடங்களுக்கு முன்னால் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பெயர் பெற்ற கட்டடம் என்றால் தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்றும் நம்பிவிட வேண்டாம். லூயி கான் கட்டிய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் செங்கல் விடுதிகள் உலகக் கட்டடக்கலை மாணவர்கள் எல்லோரும் படிக்கிற பாடம். 2020 டிசம்பரில் அங்கேயுள்ள 18 விடுதிகளில் 14ஐ இடிக்க நிர்வாகம் முடிவெடுத்தது. உலகம் முழுவதிலுமிருந்து எதிர்ப்பு வந்து, 2021 புத்தாண்டு நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 2022இல் மறுபடியும் பேச்சு எழுந்தது. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்த தேசங்களின் அரங்கம், ராஜ் ரேவால் வடிவமைத்தது, 2017 ஏப்ரலில் ஓர் இரவில் தரைமட்டமானது. பேர் தெரிந்த கட்டடங்களுக்கே இந்தக் கதி. நம் மில்லுக்காகக் குரல் கொடுக்க ஆள் வேண்டுமானால், முதலில் நாலு பேராவது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் அச்சங்களும் எனக்குப் புரிகின்றன. உள்ளே வந்து யாராவது தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? படம் எடுத்துப் போட்டு, மரபுக் கட்டடம் என்று கிளம்பி, நாளைக்கு விற்க முடியாமல் செய்துவிட்டால்? தமிழ்நாட்டில் 2012இல் மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டதிலிருந்து இந்தப் பயம் பல பேருக்கு உண்டு. நியாயமான பயம்தான். அதனால்தான் கட்டடத்தைக் காப்பாற்றுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓடுகிற மெஷின் பக்கம் யாரும் போக வேண்டாம், ஷெட்டின் ஒரு பகுதி, டைம் ஆபீஸ், சைக்கிள் ஸ்டாண்ட், கேண்டீன், தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் போதும். அகமதாபாத்திலும் லெ கொர்பூசியே கட்டிய நான்கில் இரண்டு தனியார் வீடுகள்தான். சாராபாய் வீட்டில் மாடியிலிருந்து நீச்சல்குளத்துக்குள் சறுக்கி விழ ஒரு கான்கிரீட் சறுக்கு உண்டு, அதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான், இருந்தாலும் முன்கூட்டி அனுமதி வாங்கினால்தான் உள்ளே போக முடியும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ரேஸ்கோர்ஸ் வீடுகளைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். மில் அப்படி இல்லை. ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான பேர் உள்ளே போய் வெளியே வந்த இடம். ஊருக்கும் அதில் பாத்தியதை உண்டு.

உங்களில் சிலர் ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறீர்கள். லட்சுமி மில்ஸ் வளாகத்தில் பழைய கட்டடங்களுக்குள் கடைகளும் உணவகங்களும் வந்து, கல்லூரிப் பிள்ளைகள் மாலையில் அங்கே போய் உட்காருகிறார்கள். ஜி.டி.நாயுடு குடும்பத்தார் அவர் சேர்த்ததையும் செய்ததையும் அருங்காட்சியகமாக்கி ஊருக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். கஸ்தூரி சீனிவாசன் பெயரில் அவினாசி ரோட்டில் கலைக்கூடம் இருக்கிறது. சிட்ராவை முதலில் நடத்தியவர் அவர். இவையெல்லாம் ஒரே நடையில் கோக்கப்பட வேண்டியவை. சைமாவின் ரேஸ்கோர்ஸ் அலுவலகம் சண்முக மன்றம் என்று ஆர்.கே.சண்முகம் செட்டியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அகமதாபாத் நடை மில் அதிபர்கள் சங்கத்தை நடுவில் வைத்திருப்பது போல நம் நடைக்கும் அது நடு இடமாகலாம்.

கேட்டைத் திறப்பதைவிட அவசரமாக இன்னொன்று இருக்கிறது. உங்கள் ஆபீஸ் அலமாரிகளின் மேல்தட்டில் வரைபடங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நீல அச்சுப் படங்கள், துணியில் ஒட்டிய டிரேசிங்குகள். தயவுசெய்து அவற்றை இறக்கிப் பிரித்துப் பாருங்கள். படத்தின் கீழ் மூலையில் வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், தேதி, கம்பெனி எல்லாம் எழுதியிருக்கும். ஒரு மில்லின் ஆபீஸைக் காலி செய்த நாளில் அப்படிப்பட்ட சுருள்கள் எடைக்கு ஏற்றப்படுவதைப் பார்த்தேன். டெம்போவில் பழைய லெட்ஜர்களுக்கு அடியில் அவை நசுங்கிக் கிடந்தன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, இடம் காலியாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். லெ கொர்பூசியேவின் படங்கள் பாரிஸில் ஓர் அறக்கட்டளையில் தாள் தாளாகப் பத்திரமாக இருப்பதால்தான் ஆசிரம சாலையில் ஒவ்வொரு தகடும் ஏன் அந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இன்றைக்கும் பேச முடிகிறது. நம் கட்டடங்களை யோசித்தவர்கள் யார் என்பது அந்த மூலையில் எழுதிய பெயர்களில்தான் இருக்கிறது. அவற்றை ஸ்கேன் செய்துகொள்ள ஒரு நாள் கொடுத்தால் போதும், அசல் உங்களிடமே இருக்கட்டும். ஊரில் இத்தனை கட்டடக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர்களை அளவு டேப்போடு அனுப்பச் சொன்னால், ஒரு ஷெட்டை இரண்டு வாரத்தில் அளந்து வரைந்து கொடுத்துவிடுவார்கள். இடிக்கப் போகிற கட்டடமாக இருந்தால் இதை முதல் வேலையாகச் செய்ய விடுங்கள்.

வழிகாட்டி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் நுணுக்கத்தைச் சொல்லக் கட்டடக்கலை படித்த ஒருவர் வேண்டும். அவர் பக்கத்தில் அந்த மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேஸ்திரியோ பிட்டரோ நிற்க வேண்டும். எங்கள் அப்பாரு ஸ்பின்னிங்கில் இருந்தவர். ஷெட்டின் எந்தப் பக்கம் மதியத்தில் புழுங்கும், எந்தத் தூணில் சாய்ந்தால் குளிர்ச்சியாக இருக்கும், கோடையில் ஆட்கள் எந்த மெஷினுக்காகப் போட்டி போடுவார்கள் என்றெல்லாம் சொல்வார். எந்த வரைபடத்திலும் அது கிடையாது. அந்தத் தலைமுறை இன்னும் கொஞ்ச காலம்தான் நம்மோடு இருக்கும்.

அவர்கள் பேசினால் நல்லது மட்டுமே வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946 ஜனவரி 8ஆம் தேதி தூக்கிலிடப்பட்டதைச் சின்னியம்பாளையம் இன்னும் மறக்கவில்லை. ஸ்டிரைக், லாக்அவுட், கதவடைப்புக்குப் பிறகு வராத பாக்கி, எல்லாம் பேச்சில் வரும். பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், ஸ்பின்னிங் அண்ட் வீவிங் என்று தேசிய ஜவுளிக் கழகம் (என்.டி.சி.) நடத்திய ஐந்து மில்களும் 2020 ஊரடங்கில் நின்றுபோனவை. அங்கே வேலை பார்த்தவர் கேட் முன்னால் நின்று அமைதியாகக் கட்டட அழகைப் பேசுவார் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. அவரைப் பேச விடுங்கள். பக்கத்தில் நீங்களும் நின்று, உங்கள் பாட்டனார் கடன் வாங்கி முதல் பிரேமை இறக்கிய கதையைச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே ஷெட்டுக்குள் நின்று கேட்க ஊர் வரும். என்.டி.சி. மில்கள் உங்கள் கையில் இல்லை, அவற்றுக்கு மத்திய அரசிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் முதலில் திறந்தால் அங்கே போய்க் கேட்க எங்களுக்கு ஒரு முகம் கிடைக்கும்.

மார்ச் வந்துவிட்டால் ஷெட்டுக்குள் சூடு ஏறிவிடும், அதனால் மார்கழி, தை இரண்டு மாதத்தில் தொடங்குவது நல்லது. காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம். ஒரு தடவைக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை இரண்டு நாள் முன்னதாகவே உங்கள் டைம் ஆபீஸில் கொடுத்துவிடுகிறோம், செக்யூரிட்டி சரிபார்த்து விடட்டும். எந்த இடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று சொல்கிறீர்களோ அங்கே எடுக்க மாட்டோம். கேண்டீன் இருந்தால் டீக்குக் காசு கொடுத்துக் குடித்துக்கொள்கிறோம். உங்களில் ஒரே ஒரு குடும்பம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துச் சொன்னால் போதும், ஆட்களைச் சேர்த்து அழைத்து வருவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
சிங்காநல்லூரிலிருந்து, மில்காரர் வீட்டுப் பேரன் ஒருவன்